படகுக்குக் காட்டிய தீ

"...இரும்புன்னு நெனச்சுத் தீயக் கீயக் காட்டீராதீகண்ணே, படகு பைபரு, பொசுங்கிப் போகும்" என்று படகைக் கொண்டுவந்த பெண் சொல்லி முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டிராக்டரையே பிரிச்சு மேயுறவன்ட்ட வந்து சொல்றியேத்தா. போயி டீ குடிச்சிட்டு வா, கழட்டி வைக்கிறேன்" என்றேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், நல்ல மழை பெய்து கண்மாய்களெல்லாம் நிறைந்திருந்த கார்த்திகை மாதம், திருச்சுழியில் என் டிராக்டர் பட்டறை வாசலில் நடந்தது இது. மினி லாரியில் இருந்து படகு இறங்கியதும் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். "ஏலே, சுழிக்குக் கடல் வந்துருச்சுடா!" என்று ஒருவர் கத்தினார்.

அந்தப் பெண் கடற்கரையில் பிறந்து நரிக்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். வீட்டுக்காரரும் அவரும் ஊர்க் கண்மாயின் மீன்பிடிக் குத்தகையை எடுத்திருந்தார்கள். சனிக்கிழமையன்று முதல் வலையைப் போடாவிட்டால் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவதாக ஊர்க்கூட்டத்தில் சொல்லியாயிற்று. அன்று வியாழக்கிழமை. கடலில் ஓடிய பழைய படகு அது. எஞ்சின் மாட்டிய தகட்டுக்குப் பின்னால் தண்ணீர் கசிந்தது. தகட்டை எடுத்தால்தான் ஓட்டையை அடைக்க முடியும். அதைப் பிடித்திருந்த நாலு திருகுகளும் உப்பேறி இறுகிக் கிடந்தன.

எங்கள் பட்டறைகளில் அசையாத திருகுக்கு ஒரே வைத்தியம்தான்: கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, ஒரு தட்டுத் தட்டித் திருப்புவது. முதல் திருகைச் சும்மா திருப்பிப் பார்த்தேன். தலை முறிந்து கையோடு வந்தது. ரோஷம் வந்துவிட்டது. கேஸைப் பற்றவைத்து அடுத்த திருகில் காட்டினேன்.

திருகு சிவக்கவே இல்லை. அதற்குள் குப்பென்று புகை. ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கி எடுத்துப் பார்த்தால், திருகைச் சுற்றிப் படகு உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. வேடிக்கை பார்த்த கூட்டம் முன்பே பஸ் ஏறிப் போயிருந்தது, அந்த மட்டும் தப்பித்தேன்.

டீ குடித்துவிட்டு வந்தவர் அப்படியே நின்றார். "சனிக்கெழம..." என்று மட்டும் முனகினார். கண் கலங்கிவிட்டது. திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "ஏண்ணே, மீனத்தான சுடுவாக. நீங்க படகையே சுட்டுட்டீகளே" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"தப்பு எம்மேலதான்த்தா. என்ன செய்யணும்னு நீயே சொல்லு."

டீக்கடையில் இருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வாங்கிவந்து ஊற்றினார். பிறகு டீசல் விட்டு ஊறவைத்தார். சின்னச் சுத்தியலால் திருகுகளை மெல்லத் தட்டச் சொன்னார். "இப்ப மொதல்ல ஒரு மயிரிழை இறுக்குங்க. பெறகு தளத்துங்க" என்றார். கழற்ற வேண்டியதைப் போய் இறுக்குவதா என்று நினைத்தேன். ஆனாலும் அவர் சொன்னபடியே திருப்பினேன். கிரீச்சென்று ஒரு சத்தம், திருகு அசைந்தது. இப்படியே மூன்றும் வந்தன. தலை முறிந்ததை மட்டும் நடுவில் துளை போட்டு, துளையைப் பெரிதாக்கி, துணுக்குத் துணுக்காக எடுத்தோம். மறுநாள் அருப்புக்கோட்டையில் இருந்து பைபர் துணியும் பசையும் வாங்கிவந்து, பழைய ஓட்டையையும் நான் கருக்கிய இடத்தையும் ஒட்டினேன்.

சனிக்கிழமை வீட்டில் இருப்புக்கொள்ளாமல் பைக்கில் கண்மாய்க்குப் போனேன். கரையில் நின்றவர்களில் பாதிப் பேர் என்னிடம் டிராக்டரைப் பழுதுபார்க்க விடுகிறவர்கள். படகு யாரிடம் வேலைக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றிக் கருப்பு தெரிந்தது. "என்னத்தா, பின்னால கருகிக் கெடக்கு? எந்தப் பய பாத்த வேல?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நான் ஒருவர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"கண்ணு பட்டுறக் கூடாதுன்னு சாம்பிராணி போட்டோம் மாமா. கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் அவர். கரையே சிரித்தது.

இப்போதெல்லாம் யாராவது ஒன்றைச் செய்யாதே என்றால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுக்கிறேன். ஆனால் என் மனதில் தங்கியிருப்பது அதுவல்ல. அன்று கரையில் அவர் ஒரு தடவை என் பக்கம் பார்த்திருந்தாலும், கருக்கியது நான்தான் என்று எல்லோருக்கும் விளங்கியிருக்கும். அந்தத் தங்கச்சி என் பக்கம் திரும்பவே இல்லை, வலையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, படகைத் தண்ணீருக்குள் தள்ளி ஏறிக்கொண்டது.