பெருமுக்கல் தண்ணீரில் வைத்த சாம்பார்

மரக்காணத்தில் எங்கள் வீட்டு போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. சுற்றிலும் உப்பளம், பூமிக்கு அடியில் மட்டும் இளநீரா ஓடும்? அதில் காபி போட்டால் பால் திரிந்துவிடும். பருப்பு மதியம் வரைக்கும் வேகாது. வேறு வழியில்லாமல் சமையலுக்கு அது, காபிக்கும் குடிப்பதற்கும் திண்டிவனம் ரோட்டில் இருக்கும் பெருமுக்கல் மலையடிச் சுனைத் தண்ணீர் என்று வீட்டில் ஏற்பாடு. கொண்டுவருகிற வேலை என் தலையில் விழுந்தது. 2004-இல் திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை கிடைத்ததுதான் காரணம். "எப்படியும் அந்த வழியாத்தானே வர்ற" என்று அம்மா இரண்டு கேன்களைக் கையில் கொடுத்தாள். அவளைப் பொறுத்தவரை பஸ் தானாக வருகிறது, நான் சும்மா உட்கார்ந்து வருகிறேன்.

சுனை ரோட்டோரத்திலேயே இருந்தது. பாறையிடுக்கில் யாரோ ஒரு துண்டு பைப்பைச் செருகியிருந்தார்கள். சுண்டுவிரல் கனத்துக்குத் தண்ணீர் வரும், வெயில் காலத்தில் அதுவும் இல்லை. எனக்கு முன்னால் உள்ளூர்ப் பெண்களின் குடங்கள் வரிசையாக நிற்கும். "ஏம்மா, உங்க ஊர்ல தண்ணியே இல்லியா?" என்று ஒரு பெண் தினமும் கேட்பாள். நேற்றுதானே சொன்னேன் என்றால் சிரிப்பாள். நிரப்பிவிட்டுக் கை காட்டினால் பஸ் நிற்காது. நின்ற பஸ்ஸில் கண்டக்டர் கேனுக்கு லக்கேஜ் கேட்டு உயிரை எடுப்பார். வீடு சேரும்போது இருட்டிவிடும், உள்ளங்கையில் கைப்பிடி அழுத்திய தடம் சிவந்திருக்கும்.

அண்ணனுக்குப் புதுச்சேரியில் கம்பெனி வேலை. பைக் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது போய் எடுத்து வரக்கூடாதா என்று கேட்டால், "கேன் கட்டினா வண்டில கோடு விழும்" என்பான். உப்பளத்தில் குத்தகைக்குப் பாத்தி எடுத்திருந்த அப்பாவோ, "ஆம்பளப் பையன், உடும்மா" என்று பேச்சை முடித்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த வருஷம் அவனுக்கு வானூர் பக்கத்தில் பெண் பார்த்தோம். விவசாயக் குடும்பம், பெண்ணை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதுதான் பாக்கி. எங்கள் பக்கத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள் காபியோடு நிறுத்திக்கொள்வார்கள். சம்பந்தம் சரி என்று மனசுக்குப் பட்டால்தான் இலையில் உட்கார்ந்து கை நனைப்பார்கள். சுனைத் தண்ணீர் எடுக்க ஆரம்பிக்கும் முன்னால் வந்த இரண்டு இடமும் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து போனவை. அண்ணனுக்கு முப்பது தாண்டியிருந்தது. இதுவும் தட்டிப்போனால் அவ்வளவுதான் என்று அம்மா ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

ஆகவே அவர்கள் வருகிற அன்றைக்குச் சோறு, சாம்பார் எல்லாமே சுனைத் தண்ணீரில்தான் என்று முடிவானது. முந்தின நாள் லீவு போட்டுவிட்டு, பஸ்ஸில் போய்ப் போய் நான்தான் தூக்கி வந்தேன். மாப்பிள்ளை கேன் தூக்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவனை விட்டுவிட்டார்கள்.

வந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள், காபி குடித்தார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரி, இலையப் போடுங்க" என்றார் பெண்ணின் அப்பா. அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

ஒரு வாய் வைத்ததும் அவர் நிறுத்திவிட்டார். பெண்ணின் அம்மா சாம்பாரை நக்கிப் பார்த்துவிட்டு, "என்னாங்க, உப்பே காணோம்?" என்றார். நான் ருசி பார்த்தேன். சப்பென்று இருந்தது. போர் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கும், அதனால் அம்மா பேருக்கு ஒரு சிட்டிகைதான் போடுவாள். தண்ணீரை மாற்றியவள் கையை மாற்றவில்லை. பதறிப்போய், "எங்க தண்ணிக்கு இவ்ளோ போதுங்க, இது வேற தண்ணியா..." என்று தானே காட்டிக்கொடுத்துவிட்டு நிறுத்தினாள்.

"அப்ப இது எங்கேருந்து வருது?" என்று பெண்ணின் அம்மா கேட்டார்.

"பெருமுக்கல்லேருந்துங்க. எங்க பொண்ணு வேலைக்குப் போய்ட்டு வரும்போது எடுத்துனு வரும்."

"இந்தப் பொண்ணு கல்யாணமாயிப் போய்ட்டா? எங்க பொண்ணா தூக்கணும்?"

அம்மா உடனே, "பழகிடும்ங்க. இதுகூட மொதல்ல மூஞ்சத் தூக்கிக்கினு இருந்தது. இப்ப பழகிடுச்சி" என்றாள்.

அந்த அம்மா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பழகிடுச்சாம்மா?"

அப்பா என்னை முறைத்தார். அண்ணன் கண்ணாலேயே கெஞ்சினான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் கல்யாணம் நடக்கும். எனக்கு வந்த எரிச்சலில் யார் முகமும் பெரிதாகப் படவில்லை.

"இல்லீங்க" என்றேன்.

பெண்ணின் அம்மா அண்ணன் பக்கம் திரும்பி, "அப்ப நீங்க பழகிக்கிங்க தம்பி. வண்டிதான் இருக்குதே" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க அத்தை" என்றான். அவர் உப்பு கேட்டு வாங்கி, இலையில் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணன் பைக்கில் கேன் கட்டிக்கொண்டு போனான். கல்யாணமும் நடந்தது. ஆனால் அவர்கள் வந்துபோன அன்றைக்கு ராத்திரி அம்மா என்னோடு பேசவில்லை. "வெளியாளுங்க முன்னாடி இப்டியா சொல்றது, எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே" என்று அப்பாவிடம் புலம்பினாள். சொல்லியிருக்கலாம்தான். பழகிடுச்சா என்று எங்கள் வீட்டில் ஒருத்தராவது என்னைக் கேட்டிருக்க வேண்டுமே.