கணுக்காலைப் பிடித்தவன்

கபடி லீக்கில் நான் கார்னர் ஆடியவன். ரைடு வருகிறவன் திரும்புகிற நொடியில் தரையோடு பாய்ந்து அவன் கணுக்காலைப் பிடித்து இழுப்பேன். அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள், டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். முழங்கால் போனதும் ஊசி போட்டு ஆடவிட்டார்கள். ஊசிக்கும் கேட்காமல் போனதும் அடுத்த சீசனுக்கு நீ வேண்டாம் என்றார்கள். சொன்ன மேனேஜரை ஹோட்டல் வாசலில் எல்லார் முன்னாலும் அறைந்தேன். அதோடு கபடி முடிந்தது. சொந்த ஊரான மண்ணூருக்குத் திரும்பி வந்து குடித்தேன். குடித்துவிட்டு மனைவியை அடித்தேன். இதை மென்று விழுங்கிச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவள் மகளைத் தூக்கிக்கொண்டு மணிமங்கலத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் குடியை விட்டு, ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்து, அவள் வீட்டு வாசலுக்கு நடையாய் நடந்த பிறகுதான் திரும்பி வந்தாள். ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்.

"என் மேலன்னு இல்ல. யார் மேல கை வச்சாலும் நான் பூடுவேன்."

போன மாதம் ஒரு காலை ஷிப்ட். என் பக்கத்து மெஷினில் ஒரு திருநெல்வேலிக்காரன். பிள்ளைப்பாக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவன், என்னை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுவான். பிரஸ் மெஷின் சத்தத்துக்குக் காதை அடைத்துக்கொண்டு, இரண்டு கையிலும் டிரேயைத் தூக்கிக்கொண்டு, பின்னால் பார்க்காமலே நகர்ந்தான். அந்தப் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் வண்டி லோடோடு ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. கத்தினேன். அவனுக்கு எங்கே கேட்கும்? வேறு எவனாக இருந்தாலும் தோளைப் பிடித்து இழுத்திருப்பான். என் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றுதான். தரையோடு பாய்ந்து கணுக்காலைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவன் குப்புற விழுந்தான், டிரே விளிம்பில் உதடு கிழிந்தது. அவன் நின்றிருந்த இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஏறி நின்றது.

சூப்பர்வைசர் ஓடி வந்தான். ஆமாம், வந்தான்தான். அவனுக்கு 'ர்' போட எனக்கு மனசு வரவில்லை. குறுக்கே நின்ற ஃபோர்க்லிஃப்ட்டையும் பார்த்தான், ரத்தத்தையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். எங்கள் கம்பெனி கேட்டில், விபத்து நடக்காமல் எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்று ஒரு போர்டு இருக்கிறது. விபத்து என்று எழுதினால் அது பூஜ்யத்துக்கு வரும், மேலே அவனைப் பிடித்து உலுக்குவார்கள். சண்டை என்று எழுதினால் போர்டில் ஒரு எண்கூட அசையாது. அடித்தவன் வெளியே போவான், அவ்வளவுதான்.

"பழைய ரவுடிதானே இவன். கை நீட்டிட்டான்" என்று ஹெச்.ஆர். ரூமில் என் எதிரிலேயே சொன்னான்.

கேமராவைப் பார்க்கச் சொன்னேன். அந்த மூலையில் கேமரா இல்லையாம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன் எதையும் பார்க்கவில்லையாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவன் கன்னத்துக்கும் என் கைக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நகம் உள்ளங்கையில் பதிந்தது. கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

எனக்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போயிருந்தது, வாட்ஸப்பில். மனைவி பையோடு வாசலில் நின்றாள்.

"நான் அடிக்கல."

"அப்பவும் இதான் சொன்ன."

நெஞ்சே எரிந்தது. அவளைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. "வா, அவனையே கேளு" என்றேன். பையை மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் ஏறினாள். அவன் ஆமாம் என்று சொன்னால் அப்படியே மணிமங்கலத்தில் விட்டுவிட வேண்டும் என்றாள்.

பிள்ளைப்பாக்கம் ரூமில் அவன் தையல் போட்ட உதட்டோடு பாயில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"தம்பி, இவுரு உன்ன அடிச்சாரா?" என்றாள்.

அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"மதினி, கம்பெனில கேட்டா அடிச்சாருன்னுதான் சொல்லுவேன். சூப்பர்வைசர் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காரு. எனக்கு இந்த வேலைய விட்டா நாதியில்ல. ஒங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். அண்ணன் இழுக்கலேன்னா இன்னிக்கு என்னைப் பொட்டலமாத்தான் ஊருக்கு அனுப்பியிருப்பாவ."

அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. நான் காப்பாற்றிய உயிரை வைத்துக்கொண்டு என் வேலையைக் காவு கொடுக்கிறான். "மன்னிச்சிருங்கண்ணே" என்றான். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை. அவன்மேல் இருக்கிற கோபமாவது ஒரு நாள் ஆறும். அந்த சூப்பர்வைசர்மேல் இருப்பது என் கட்டையோடுதான் வேகும்.

வெளியே வந்து பைக்கை எடுத்தேன். வேலை போய்விட்டது என்று அவளுக்கும் தெரியும். மெயின் ரோட்டில் வண்டியை நிறுத்தினேன். ஒரு பக்கம் மணிமங்கலம், ஒரு பக்கம் எங்கள் ஊர். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல், "எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"வூட்டுக்குப் போ" என்றாள். "பாப்பா ஸ்கூல் வுட்டு வர்ற நேரம்."