மேற்பார்வைத் தொப்பி

ஊரில் எல்லோரும் அவளைக் கடப்பாரை என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்கிற குடும்பத்துக்கெல்லாம் வேலை உண்டு என்று அரசாங்கம் அறிவித்த முதல் வருஷத்திலிருந்து குளத்தில் மண் வெட்டுகிறவள். அவள் வெட்டுகிற வேகத்தைப் பார்த்து வெட்கப்பட்டே குனிந்து வேலை செய்த ஆண்கள் உண்டு.

அப்படிப்பட்டவளை விட்டுவிட்டு, நேற்று வந்த கொழுந்தன் மனைவிக்கு, அந்தச் சின்னவளுக்கு, மேற்பார்வைத் தொப்பியைக் கொடுத்தால் வயிறு எரியாதா? நன்றாகவே எரிந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கத்துக் கொடியில் தொப்பி காய்வதைப் பார்த்தாலே இவளுக்குச் சோறு இறங்காது.

"நாலு எழுத்து படிச்சிட்டா மண்ணு தானா வெட்டிக்குமா?" என்று சுவருக்கு அப்பால் கேட்கும்படி புருஷனிடம் சொல்வாள். அந்த மனுஷன் பாவம், தட்டைப் பார்த்தே தலையாட்டுவார்.

குழி வெட்டும்போது நடுவில் ஒரு திட்டை மட்டும் தொடாமல் விட வேண்டும். அந்தத் திட்டின் உயரம்தான் வெட்டிய ஆழம். எஞ்சினியர் அளக்க வரும் நாளில் தன் குழியே ஆழம் என்று அவர் வாயால் வந்துவிட்டால், தொப்பி தன் தலைக்கு வந்துவிடும் என்று கடப்பாரை கணக்குப் போட்டாள். காலையில் முதல் ஆளாகப் போய்த் திட்டின் மேல் மண்ணை அப்பினாள். தொடாத தரை போலத் தெரிய, உச்சியில் புல்லோடு ஒரு கட்டியைப் பெயர்த்து வைத்தாள்.

எஞ்சினியர் வந்ததோ உச்சி வெயிலில். மற்றத் திட்டுகளில் புல் பச்சையாக நிற்க, இவளுடையது மட்டும் வாடித் தொங்கியது. அவர் காலால் தட்டினார். கட்டி உருண்டது.

"யார் வேலை இது?"

கடப்பாரை குனிந்து மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினாள்.

"நான்தான் சார்," என்றாள் சின்னவள். "மேல ஏறி நின்னேன், சரிஞ்சிருச்சு. எடுத்து வெச்சிட்டேன்."

"மேற்பார்வை பாக்கற லட்சணமா இது? தொப்பியக் கழட்டு. நீங்கதான் பழைய ஆளு, போட்டுக்கங்கம்மா."

அவர் கைகாட்டியது கடப்பாரையை.

சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் எல்லோரும் தூக்குவாளியோடு சின்னவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரே சிரிப்பு. கடப்பாரை தொப்பியோடு தனியே உட்கார்ந்து, "பெரிய தியாகி," என்று முணுமுணுத்தாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, இங்க வாங்க, நெழலா இருக்கு," என்று சின்னவள் மட்டும் கூப்பிட்டாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.