கை தட்டினால்தான் எழுந்திருக்கும்

என் கணவரின் அண்ணன் சர்க்கஸில் நாய் பழக்கியவர். சர்க்கஸை மூடியதும் ஒரு பெட்டியும் ஒரு வெள்ளை நாயுமாக அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். பெட்டியால் தொந்தரவில்லை.

கோமாளி துப்பாக்கியால் சுட்டால் அந்த நாய் செத்ததுபோல் விழ வேண்டும். கூட்டம் கை தட்டினால்தான் எழ வேண்டும். அதுதான் அதன் வித்தை. சர்க்கஸ் போன பிறகும் அது வித்தையை விடவில்லை. டயர் வெடித்தாலும் விழும், பலூன் உடைந்தாலும் விழும். போகிறவர் வருகிறவரையெல்லாம் கெஞ்சிக் கை தட்டவைத்து எழுப்புவது என் தலையெழுத்து.

மாமாவிடம் (கணவரின் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவேன்) புலம்பினால், "தொழில சுத்தமா கத்துக்கினு கீதும்மா" என்பார், பெருமையாக.

போன மாதம் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவரின் சாவு ஊர்வலம் எங்கள் வாசல் வழியாக வந்தது. பறை, பூ, சரவெடி. கேட்டைத் திறந்துபோட்டுவிட்டு மாமா டீ குடிக்கப் போயிருந்தார். வேடிக்கை பார்க்கப் போன நாய், முதல் வெடிக்கே பாடைக்கு முன்னால் மல்லாந்து விழுந்தது. நான் ஓடுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பார்த்து, "போயிடுச்சுபா" என்று முடிவுகட்டி, யாரோ அதன்மேல் பூவும் போட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கை தட்டினேன்.

கொள்ளிச்சட்டியோடு நின்ற மகன் என்னை முறைத்தான். "இன்னாம்மா, எங்க நைனா போய்கினு கீறாரு, நீ கை தட்டுற?"

"சர்க்கஸ் நாய்ப்பா. தட்டினாதான் எழுந்திருக்கும். நான் ஒருத்தி தட்டினா பத்தாது."

பறையடித்தவர்கள்தான் முதலில் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்கள். பிறகு எல்லோரும். நாய் எழுந்து, பின்னங்காலில் நின்று, நாலு பக்கமும் கும்பிட்டது. அந்த மகனுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்த வாயை மூடமுடியாமல், "நைனா" என்று கதறினான். அதுவரை அவன் அழவே இல்லையாம்.

எனக்கு மானமே போய்விட்டது. "அந்த வித்தைய மறக்க வைங்க மாமா, இல்லன்னா நாய வேற எங்கியாவது உடுங்க" என்றேன்.

மறுநாள் மாடியில் காகிதப் பையை ஊதி உடைத்துவிட்டு, கை தட்டாமல் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. மூக்கருகில் பிஸ்கட் வைத்தும் நாய் கண் திறக்கவில்லை. அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"வெயில் ஏறுது, தட்டித் தொலைங்க மாமா."

தட்டினார். இப்போது கேட்டுக்குப் பூட்டு போட்டிருக்கிறேன். சாவி என்னிடம்தான்.