கை ஊன்றாமல் எழுவது

என் அப்பா வருடத்துக்கு ஒருமுறை பரீட்சைக்குப் போகிறார் என்றுதான் சிறுவயதில் நம்பிக்கொண்டிருந்தேன். நான் மட்டுமல்ல, வீடே அப்படித்தான் நம்பியது. தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோய் அவருக்கு. எங்கள் பக்கத்தில் வேறு யாருக்கும் அது இல்லை. தீர்க்கும் மருந்தும் கிடையாது. ஆனாலும் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வருடாவருடம் வரச்சொல்லி, நடக்கவிட்டு, குழாயில் ஊதவிட்டு, தரையில் உட்கார்ந்து எழச்சொல்லிப் பார்ப்பார்கள். போன வருடத்தைவிடக் குறைந்துவிடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வைராக்கியம்.

அதனால் பரீட்சை நெருங்கும் சமயத்தில் அப்பாவைக் கரும்புக் கொல்லைப் பக்கமே விடமாட்டார்கள். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டச் சொல்லி உத்தரவு வந்தாலும் சித்தப்பாதான் ஆட்களோடு அல்லாடுவார். அம்மா ஆட்டுக்கால் சூப்பாக வைத்துத் தள்ளுவாள். தொடைகளில் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி ஊன்றித்தான் அப்பாவால் எழ முடியும். ஊன்றாமல் எழப் பழகிப் பார்ப்பார், முடியாது.

எனக்கு ஏழு வயதிருக்கும். ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, விளையாட்டாக நானும் தொடையில் கை ஊன்றி எழுந்தேன். பார்த்த அம்மா என் முதுகில் ஒன்று போட்டாள். அப்பாவைக் கேலி செய்ததற்கு அடி என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு நான் தரையிலிருந்து எழும்போதெல்லாம் அவள் அடுப்பை மறந்து என் கால்களையே பார்த்தாள். அந்த வருடம் என்னையும் சென்னைக்கு அழைத்துப் போவதென்று திடீரென்று முடிவானது. ஊர் சுற்றிக் காட்டத்தான் என்றார் சித்தப்பா.

 அப்பா ஃபெயிலானால் அங்கேயே பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்று பஸ் முழுக்க எனக்குப் பயம். அப்பாவிடமே கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது பாப்பா" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

ஆஸ்பத்திரியில் அப்பா தரையில் உட்கார்ந்தார். கை ஊன்றியும் எழ முடியவில்லை. டாக்டரம்மாதான் தூக்கிவிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்.

"போன வாரங்கூட வூட்டுல எழுந்துக்கினுதாங்க இருந்தாரு" என்று அம்மா வாதாடினாள்.

"இது பரீட்சை இல்லம்மா. எப்படி இருக்கோ அப்படியே எங்களுக்குத் தெரியணும்" என்ற டாக்டரம்மா, என் பக்கம் திரும்பினார். "நீயும் உட்கார்ந்து எழுந்திரு, பாக்கலாம்."

உட்கார்ந்தேன். அப்பா தலையைக் குனிந்திருந்தார். அவர் மட்டும் தோற்பதா? தொடையில் கை ஊன்றி, அவரைப் போலவே மெதுவாக எழுந்தேன்.

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா என் முன்னால் குனிந்து, "ஏன் இப்படி எழுந்த?" என்று கேட்டார்.

"அப்பா மட்டும் ஃபெயிலாவக் கூடாதில்ல?"

அவர் என்னை மறுபடி தரையில் உட்காரவைத்தார். பிறகு, "இப்ப ஸ்கூல்ல எழுந்திருக்கிற மாதிரி எழுந்து காட்டு" என்றார். கைகளைக் கட்டிக்கொண்டு துள்ளி எழுந்தேன். மறுபடியும் எழச்சொன்னார், எழுந்தேன்.

"இவகிட்ட இப்போதைக்கு அறிகுறி ஒண்ணும் தெரியல. வருஷா வருஷம் இவளையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

தன்னால் எழ முடியாதபோது கலங்காத அப்பா, அப்போது விம்மி விம்மி அழுதார். நான் அவரை ஜெயித்துவிட்டதுதான் காரணம் என்று எனக்குப் பட்டது. ரொம்ப வருத்தமாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவரிடம் ரகசியமாகச் சொன்னேன். "அடுத்த வாட்டி நான் மெதுவா எழுந்துக்கறேம்ப்பா."

"வாணாம் பாப்பா" என்றார். "எல்லா வாட்டியும் நீயே ஜெயி."

தோற்றும் கோபப்படாத அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று பெருமைப்பட்டபடி அவர் மடியில் தூங்கிப்போனேன். அம்மாவின் கை என் கணுக்காலைப் பிடித்தபடியே இருந்தது.