தனக்கொடி அக்காவின் இரண்டு ஆணிகள்

கரையாம்புத்தூர் தனக்கொடி அக்காவை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது கோபம்தான். நெல் அவிக்கும்போது அண்டா சரிந்து, இரண்டு முன்கையும் வெந்துபோய் எங்கள் மருத்துவமனைக்கு வந்தவர். தீக்காயத்துக்குத் தாமிரம் சேர்ந்த ஆயின்மென்ட் கேட்குமா என்று அங்கே சோதித்துக்கொண்டிருந்தோம். நான் அந்தச் சோதனையின் நர்ஸ்.

ஒரு கைக்குத் தாமிர ஆயின்மென்ட், மறு கைக்கு வழக்கமானது. இரண்டும் ஒரே நீலம். எது எது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் அவரைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"நாப்பது பேருல நானும் ஒருத்தி. நாளைக்கு எவளுக்காவது கை வெந்தா, என் கையப் பாத்துதான் மருந்து குடுப்பாங்க" என்று ஊரெல்லாம் பெருமையடித்து வைத்திருந்தார்.

ஆனால் சும்மா இருந்தால்தானே! வாராவாரம் கேள்வி.

"அரிக்குதே, அதான் செம்பா சிஸ்டரு?"

"தெரியாதுக்கா."

"இன்னாத்தப் படிச்சீங்களோ!"

கடைசி நாள், படிவத்தின் கடைசிக் கேள்வி: எந்தக் கையில் தாமிரம் என்று நினைக்கிறீர்கள்? 'தெரியல' என்றிருந்தால் முடிந்தது.

"நெனைக்கல சிஸ்டரு, தெரியும். வலது" என்று முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு ஆணிகளை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு, ஒன்று செம்புச் சிவப்பு.

தென்னை நோய்க்குத் தெளிக்க, செம்பு கலந்த மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைக்கும்போது அரிவாளை முக்கிப் பார்ப்பார்கள். அதில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அதே வித்தையை, வீட்டில் பூசக் கொடுத்தனுப்பிய இரண்டு ஆயின்மென்டிலும் ஆணியைக் குத்திப் பார்த்திருக்கிறார், மகராசி!

"ஏன்க்கா சொன்னீங்க? வாய மூடினு இருந்திருக்கலாமே! இனிமே உங்களச் சேக்க மாட்டாங்களே!"

அவர் கண் கலங்கிவிட்டது.

"ஆணி வெக்கிறவரைக்கும் எடது கைதான் தேவலைன்னு சொன்னேன். வெச்சதுக்கப்புறம் வலது கைதான் தேவலைன்னேன். நெசமாவே தேவலையா, செம்புன்னு தெரிஞ்சதால சொன்னேனா, எனக்கே புரியல சிஸ்டரு. அத நம்பி இன்னொருத்தி கைல பூசுவாங்களே."

நோட்டைப் புரட்டினேன். முதலில் இடது, கடைசி மூன்று வாரமாக வலது என்று என் கையெழுத்திலேயே அப்படித்தான் இருந்தது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பட்டியலில் அக்காவின் பதினேழாம் எண்ணைக் கோடு போட்டு அடித்தார். அக்கா அதை எட்டிப் பார்த்தார். ஆணிகளை மறுபடி முடிந்துகொண்டு எழுந்தார்.

"என் எடத்துக்கு வேற யாரையாவது சேத்துக்குங்க டாக்டரு. ஆணி இல்லாத வூடாப் பாத்து."