ஜீப்காரரின் கட்டைவிரல்

கள்ளக்குறிச்சியில் நான் நர்ஸாக வேலை செய்யும் மருத்துவமனைக்கு, இடது கால் எலும்பு முறிந்து வந்தவர் அவர். வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். பெரிய மீசை. வார்டில் யார் கடந்தாலும், "வெள்ளிமலை, வெள்ளிமலை! ஒரு சீட்டுதான் கீது, ஏறுங்க!" என்று கூவுவார்.

ஒரு காலையில் அவர் கூவவில்லை. வலிக்கு ஊசி போட்டும் முகமெல்லாம் வியர்வை. கால்விரலை லேசாக நிமிர்த்தினேன், அலறிவிட்டார். போர்வையை விலக்கினேன். மாவுக்கட்டின் மேல் தன் துண்டை வேறு இறுக்கிக் கட்டியிருந்தார்.

"இன்னாங்க இது?"

"மலை எறங்கறப்ப மூட்டைய ஆடாம கட்றதில்லயா சிஸ்டர்? இறுக்கினாத்தான் எலும்பு கூடும்."

"இது மூட்டை இல்லீங்க, காலு! உள்ள வீங்கி ரத்தம் ஓட வழியில்ல. வுட்டா காலே போயிடும்."

துண்டை அவிழ்த்துவிட்டு ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தேன். மாவுக்கட்டைப் பிளந்தும் இறுக்கம் தணியவில்லை. உடனே அறுவை சிகிச்சை செய்து, தசையை மூடிய உறையைத் திறந்துவிட்டார்கள்.

மறுநாள் அவருடைய இடது கால் கட்டைவிரல் அசைந்தது.

"பாருங்க சிஸ்டர், கிளட்ச் மிதிக்குது!"

வார்டே திரும்பிப் பார்த்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; படித்ததால்தான் அந்த ஆபத்தை நேரத்தில் கண்டுகொண்டேன். அந்த விரலில் பாதி என்னுடையது என்றுதான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.